கடிகாரத்தில் பொழுது சாயும் இடம்

"டீச்சர், பொழுது போறது கடிகாரத்துல எந்த எடத்துல இருக்கு?"

இரண்டாம் வகுப்பில் சந்தனா இப்படிக் கேட்டதும் முன் வரிசை முழுவதும் சிரித்தது. "பொழுது வானத்துலதான்டி இருக்கும். கடிகாரத்துல வந்து குந்துமா?" என்றான் கோகுல்ராஜ்.

டீச்சர் அகல்யாவுக்கும் சிரிப்பு வந்தது. படவேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் ஆரணிக்கு வருகிறவள். இந்தப் பள்ளிக்கு அவள் புதிது. முந்தின நாள் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தாள். ஒரு வட்டம் வரைந்து, ராத்திரி சாப்பிடும் நேரத்துக்கு முள் போட்டு வரவேண்டும். எல்லோரும் எட்டு, ஒன்பது என்று போட்டிருந்தார்கள். சந்தனா மட்டும் அம்மாவின் உதவியோடு ஐந்தேகால் போட்டிருந்தாள். 'இது டிபன் நேரம்' என்று எழுதிப் பெருக்கல் குறி போட்டுவிட்டாள் அகல்யா.

"அது டிபன் இல்ல டீச்சர். எங்க வீட்ல பொழுது போயிட்டா யாரும் சாப்பிட மாட்டோம். அதான் எங்க ராத்திரி சோறு."

அகல்யாவுக்குச் சுருக்கென்றது. சமணக் குடும்பத்துப் பிள்ளை. இருட்டிய பின் உண்ணாத நோன்பைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனால் நோட்டுத் திருத்தும்போது அது நினைவுக்கு வரவில்லை. பெருக்கல் குறியை அழித்துச் சரி போட்டாள். "எதுக்கும்மா கேட்ட?" என்று அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

பிள்ளை சொன்னது இதுதான். அவள் அம்மா ஜெயவதிக்குப் பட்டுப்புடவைக் கடையில் முகூர்த்தப் புடவை எடுத்துக் காட்டும் வேலை. அப்பாவுக்குச் சென்னையில் வேலை. பள்ளி விட்டதும் சந்தனா கடைக்குப் போய், அம்மாவின் வேலை முடியும்வரை பார்சல் கட்டும் இடத்தில் உட்கார்ந்திருப்பாள். கடைக்குள் எந்நேரமும் விளக்கு வெளிச்சம். வெயில் இருக்கிறதா போயிற்றா என்று தெரியாது. வேலை நேரத்தில் செல்போன் மேனேஜர் மேஜைக்குள் போய்விடும். சுவர்க் கடிகாரமோ ஜெயவதி நிற்கும் இடத்திலிருந்து தெரியாதபடி புடவைகள் தொங்கும். கல்யாண சீசனில் கூட்டம் ஓய்ந்து அவள் வெளியே எட்டிப் பார்க்கும்போது தெருவிளக்கு எரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துவருவாள்.

"அப்புறம் காலைலதான் சாப்புடும். நேத்து அடுப்பாண்ட நின்னுகினு இருக்கறப்பவே மயக்கம் வந்து குந்திடுச்சு. நான் குந்துற எடத்துலருந்து கடிகாரம் தெரியும். நான் மணி பாத்தா அம்மாகிட்ட போய் சொல்லிடுவேன்ல, டீச்சர்?"

நோன்பு இருப்பவர்களைப் பார்த்து வணங்குகிறோம். அந்த நோன்பு நோகாமல் நடக்க ஒரு குழந்தை வழி தேடுவதைப் பார்த்தபோது, அகல்யாவுக்கு அந்தக் குழந்தையையும் வணங்கத் தோன்றியது.

மறுநாள் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். வகுப்பு முடிந்த பிறகும் சந்தனாவை உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தாள். பள்ளி விட்டதும் படவேட்டுக்குப் புறப்படும் பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. அடுத்தது இருட்டிய பிறகுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அஞ்சேகாலுக்கு அம்மாகிட்ட சொல்லிடு. இந்தக் கார்த்திகை மாசத்துல அதுக்கு மேல போனா பொழுது நிக்காது" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை சந்தனா அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"நான் பாத்தேன் டீச்சர். மூணு மணி, இன்னும் கொஞ்சம்னு காட்டிச்சு. நெறைய நேரம் இருக்குதுன்னு அட்டைப்பெட்டில வீடு கட்டினு இருந்தேன். திரும்பிப் பாத்தா வெளிய லைட்டு போட்டுட்டாங்க. அம்மா நேத்தும் சாப்புடல."

"நாலு மணிக்கு மேல ஸ்கூல்ல இருந்து போன புள்ள, மூணு மணிக்கு எப்புடி அங்க இருந்துச்சாம்?" என்றாள் பக்கத்துப் பெஞ்சு வர்ஷா. சந்தனா மறுபடி அழ ஆரம்பித்தாள்.

அகல்யாவுக்குப் புரிந்தது. சின்ன முள் ஐந்தைத் தாண்டியிருக்கிறது, பெரிய முள் மூன்றில் நிற்கிறது. பிள்ளை பெரிய முள்ளை மணியாக எடுத்துக்கொண்டுவிட்டது. பெரிதாக இருப்பதுதானே முக்கியமானது என்று எந்தக் குழந்தையும் நினைக்கும். பெரியவர்கள் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

அன்று முற்றத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு, எண்களை எழுதினாள். பிள்ளைகளே முட்கள். நெடுநெடுவென்று வளர்ந்த கோகுல்ராஜ் பெரிய முள். குட்டை வர்ஷா சின்ன முள்.

"கோகுல், நீ ஒரு ரவுண்டு ஓடி வா. அதுக்குள்ள வர்ஷா அஞ்சுலருந்து ஆறுக்கு மெதுவா நடந்து போவணும்."

"இவ ஆமை மாதிரி போறா டீச்சர்! எனக்குத்தான் மூச்சு வாங்குது!"

"ஓடுறது நீ. ஆனா மணி யாரு பேர்ல? அவ பேர்ல" என்றாள் அகல்யா. பிள்ளைகள் கைதட்டினார்கள். வர்ஷா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஜல்தி ஓடுடா, எனக்கு ஆறு மணி ஆவணும்" என்றாள்.

பிறகு கோகுலை மூன்றில் நிற்கச் சொன்னாள். வர்ஷா ஐந்தைத் தாண்டி ஓரடி நின்றாள். "சந்தனா, முதல்ல யாரைப் பாக்கணும்?"

"குள்ளச்சிய."

"டீச்சர், இவளப் பாருங்க!" என்று வர்ஷா கத்தினாள்.

"சரி, அவ எதைத் தாண்டி நிக்கறா?"

"அஞ்ச."

"இப்ப ஓடுறவனப் பாரு. எவ்ளோ தூரம் ஓடியிருக்கான்?"

சந்தனா மேலே பன்னிரண்டிலிருந்து விரலால் வட்டத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். "கால் ரவுண்டு. அஞ்சு... அஞ்சேகால்!" அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அகல்யா மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அன்று மாலை கடையில் நல்ல கூட்டம். தெள்ளாரிலிருந்து துரைக்கண்ணு என்பவர் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். ஜெயவதி முன் புடவைகள் மலைபோல் விரிந்து கிடந்தன. மகள் ஒன்றைக் கையில் பிடித்தபடி, "இது அரக்கா, மெரூனாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பார்சல் மூலையிலிருந்து சந்தனா எழுந்து வந்தாள். வரும் வழியில் இரண்டு தடவை திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். வாடிக்கையாளர்களுக்கு நடுவில் புகுந்து அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா. அஞ்சேகால். பொழுது போப்போவுது."

ஜெயவதி திடுக்கிட்டாள். "இருடா, இவங்களுக்குக் காட்டிகினு இருக்கேன்ல" என்று அவளை மெல்ல ஒதுக்கினாள். மேனேஜர் தனசேகரன், "பாப்பா, அங்க போய் உக்காரு" என்றார்.

சந்தனா அசையவில்லை. "போயிட்டா அம்மா சாப்புட முடியாதுங்க" என்று துரைக்கண்ணுவையே பார்த்துச் சொன்னாள்.

துரைக்கண்ணு எழுந்தார். "நல்லாச் சொன்ன தாயி! பொழுது போறதுக்குள்ள நாங்களும் கலரை வெளிய வெச்சுப் பாக்கணும். விளக்கு வெளிச்சத்துல எடுத்துட்டுப் போயி, மணவறையில வேற கலரா இருந்தா சம்பந்தி சும்மா இருப்பாரா? மேனேஜர் சார், நீங்க அந்த நாலு புடவையையும் தூக்கினு வாங்க வாசலுக்கு. இந்தம்மா சாப்ட்டு வரட்டும்."

பட்டின் நிறத்தை வெயிலில் வைத்துப் பார்க்காமல் எடுக்க மாட்டார்கள் என்பது ஆரணியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனசேகரன் சிரித்தபடி புடவைகளை அள்ளிக்கொண்டார். "போம்மா ஜெயவதி. நாளையிலருந்து பாப்பா வந்து சொன்னா எழுந்து போயிடு, என்னைக் கேக்காத."

வாசலில் சாயும் வெயிலில் அரக்குச் சேலை விரிந்தபோது, உள்ளே படிக்கட்டடியில் ஜெயவதி டப்பாவைத் திறந்தாள். ரசஞ்சோறுதான். முதல் கவளத்தை மகளுக்கு ஊட்டினாள். பிறகுதான் தான் உண்டாள். கண் கலங்கியதால் வேகமாகச் சாப்பிட முடியவில்லை. "ஜல்தி சாப்புடும்மா, குள்ளச்சி நடந்துகினே இருக்கா" என்று மகள் அவசரப்படுத்தினாள்.

அன்றிரவு படுக்கையில் சந்தனா முற்றத்துக் கடிகாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் எனக்காவ நின்னாங்கள்ல, அவங்க பஸ்ஸு பூட்ச்சாம். ஸ்கூல் வாட்ச்மேன் சொன்னாரு. காலைலயும் அவங்க முதல் பஸ்ஸு புடிக்கணுமாம்மா, ஒண்ணும் துன்றதில்ல. பெல் அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பிஸ்கட்டு தின்னுட்டு தண்ணி குடிக்கறாங்க. நான் பாத்தேன்."

வெறும் வயிற்றோடு நின்று வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று ஜெயவதிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை மகளை முன்னால் அனுப்பிவிட்டு, சற்றுத் தாமதித்துப் பள்ளிக்கு வந்தாள். எல்லோரும் முற்றத்தில் இறைவணக்கத்துக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். வாட்ச்மேனும் கண்மூடிக் கைகூப்பி நின்றார். பக்கவாட்டு வழியாக அவள் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தாள். வாழையிலையில் கட்டிய சூடான இட்லிப் பொட்டலத்தை டீச்சரின் மேஜை இழுப்பறையில் வைத்தாள். இட்லிப் பொடியின் எண்ணெய் கசிந்து நோட்டில் படாமல் இருக்க அடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்தாள்.

இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, பாட்டு முடிவதற்குள் தெருவுக்கு வந்து, கடையை நோக்கி நடந்தாள்.