பிளம்பர் அண்ணனோடு முடியாத வாக்குவாதம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன ஒருவரை வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். அவர் என் அண்ணன். பிளம்பர். மாரடைப்பில் போனார். இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறது, ஆனால் சின்னதுதான் என்று போன வருடமே படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கொலஸ்டிராலைக் குறைக்க மாத்திரை எழுதித் தந்தார்கள். அண்ணன் கொஞ்ச நாளில் அதை நிறுத்திவிட்டார்.

"முப்பது பர்சென்ட் எல்லாம் ஒரு அடைப்பா? அந்தக் குழாய்ல குளிச்சுத் துவைச்சு, மாடி டேங்கையும் ரொப்பிரலாம். நான் பாக்காத குழாயா? நீ போய்க் கதை எழுது, போ."

நானும் போய்க் கதை எழுதினேன்.

2.

முதல் தொடக்கம்: ‘அன்று காலை அவர் ரெஞ்சைக் கையில் எடுத்தபோது, மரணம் அவருடைய வாசலில்...’

வாசலில் என்ன செய்தது, செருப்பைக் கழற்றியதா? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘கொலஸ்டிரால் என்பது...’ இது பாடப்புத்தகம். ஆனாலும் பாடம் இல்லாமல் அண்ணன் மடங்க மாட்டார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட கொலஸ்டிரால் சாக்கடை அழுக்கு மாதிரிக் குழாயின் உள்பக்கத்தில் வெறுமனே படிவதில்லை. குழாயின் சுவருக்குள்ளேயே நுழைந்து தங்கிவிடுகிறது. திறந்து வைத்த எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதுபோல, தங்கிய இடத்தில் ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போகிறது. (அண்ணனின் சிகரெட் இதற்கு நன்றாகவே ஒத்தாசை செய்தது.) கெட்டதைத் தின்று தீர்க்க வெள்ளையணுக்கள் வருகின்றன. நிறுத்தத் தெரியாமல் தின்று, நுரைத்துப் போய், அங்கேயே சாகின்றன. அந்தக் குப்பைக்கு மேலே ஒரு மெல்லிய மூடி. அது கிழிந்தால் இரத்தம் அங்கே உறைந்து, குழாயை ஒரேயடியாக மூடிவிடலாம். அதுவரை அடைப்பு வெறும் முப்பதாக இருந்தாலும் சரி.*

(* இதைச் சொன்ன டாக்டர், நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, காகிதத்தில் வரைந்து காட்டினார். நல்ல மனிதர். புரிந்தது. புரிந்து என்ன செய்ய?)

3.

இப்படி ஒரு பிடிவாதக்காரரை வாசகர்கள் நம்புவார்களா என்று சந்தேகமாக இருந்தது. அண்ணியிடம் கேட்டேன்.

"மாத்திரை போட்டாச்சான்னு கேட்டா, போட்டாச்சும்பாரு. எங்க போட்டாருன்னு ஜன்னலுக்கு வெளிய போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள். சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

இதை எழுதும்போதுதான் என் குளியலறைச் சுவர் ஞாபகம் வந்தது. பெயிண்ட் உப்பியிருக்கிறதே என்று ஒருமுறை அண்ணனைக் கூப்பிட்டேன். குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"தண்ணி நல்லாத்தான் வருது. அத வச்சு ஏமாந்துராத. செவுத்துக்குள்ள போயிருச்சு. இப்பவே கவனிக்கணும், இல்லன்னா திடீர்னு ஒருநாள் பொத்துன்னு விழும்."

அவர் வாயாலேயே சொன்னது! இதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் அண்ணன் மடங்கியிருப்பார். ஜெயித்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்வேன்?

4.

முடிவு ஒன்று: அண்ணன் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டு, சிகரெட்டையும் விட்டு, கிழவராகி என்னோடு சண்டை போடுகிறார். (பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "வாய்ப்பு அதிகம்மா" என்றார். நிச்சயம் என்ற வார்த்தையைக் கெஞ்சியும் தரவில்லை.)

முடிவு இரண்டு, நடந்தது: யாரோ ஒருவர் வீட்டில், சமையலறை சிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த வீட்டம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறிடப் போவுது, எந்திரிங்க" என்று...

மாட்டேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆகவே அண்ணனை அவர் வீட்டு வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். சுவர் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டேன். "அட, ஆமால்ல" என்றார். உள்ளங்கையில் மாத்திரை இருக்கிறது.

"தண்ணி குடு" என்கிறார்.

நான் கொடுத்தால் அது பொய், எனக்குத் தெரியும். உங்களுக்கு அவரைத் தெரியாது. டம்ளர் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்.