நடுப்படியில் இன்டர்நெட்

"போன் மாடியிலதான் இருக்கும். ஒரு அங்குலம்கூட நகராது. சொல்லிட்டேன்!"

வேதாசலம் காபி டம்ளரை மேசைமேல் ஓங்கி வைத்தார். தளும்பிய காபி அவருடைய வெள்ளை வேட்டியிலேயே விழுந்தது. கனகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. துண்டை எடுத்து நீட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சண்டைக்குக் காரணம் வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. பெருங்களத்தூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புது அடுக்குமாடிகள் எழும்பியதும், அவற்றுக்கு நடுவே ஒரு புதுப் பள்ளியும் முளைத்து, ‘இன்டர்நெட் வசதி உண்டு’ என்று பலகை மாட்டிவிட்டது. ஜூன் மாதம் முடிவதற்குள் நாலைந்து பெற்றோர் டி.சி. கேட்டு வந்துவிட்டார்கள். வேதாசலம் பெயின்டரைக் கூப்பிட்டுத் தன் பள்ளிப் பலகையிலும் அதையே எழுதச் சொன்னார். எழுத்து பளபளவென்று வந்துவிட்டது. இன்டர்நெட்தான் இன்னும் வரவில்லை.

அது வர டெலிபோன் லைன் வேண்டும். எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளி கீழே. அதன் கரஸ்பாண்டென்ட் வேதாசலமும் மனைவி கனகவல்லியும் குடியிருக்கும் வீடு மேலே. கம்ப்யூட்டர் கீழே. பள்ளியின் பெயரில் வாங்கிய ஒரே போன் மேலே, கூடத்தில், பூஜை அறைக் கதவை ஒட்டி.

"இதுல இன்னா சார் பேஜாரு?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த சௌகத் அலி. தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் விற்றவரும் அவர்தான். "செவுத்துல ஒரு ஓட்ட போட்டு ஒயர இறக்கினா மேட்டர் முடிஞ்சிது. போனும் கீழவே இருந்துட்டுப் போவட்டும்."

"வீட்டுப் போன் பாய் அது. கீழ கண்டவங்க எடுத்துப் பேசுவாங்க."

"அப்ப கம்ப்யூட்டர மேல தூக்கினு வந்துரு சார்."

வேதாசலத்தின் முகம் மலர்ந்தது. "அதான் சரி. நல்லா படிக்கிற அஞ்சு பேர் மேல வந்து இன்டர்நெட் பாக்கட்டும். மத்தவங்களுக்குக் கீழ டிவியில சிடி போட்டுக் காட்டிடலாம். கிரகம், எரிமலை எல்லாம் அதுலயே வருதாமே."

அந்த ஐந்து பெயர்களையும் அப்போதே சொன்னார். ஏழாம் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பெண்ணின் பெயர் அதில் இல்லை.

"கிறிஸ்டினா?" என்றாள் கனகவல்லி.

"அவளுக்கு சிடி போதும்."

கிறிஸ்டினா ஏரிக்கரைக் காலனிப் பெண். காலனி என்ற சொல்லே போதும். அதற்கு மேல் அந்தத் தெருவில் யாரும் ஜாதிப் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. காலனிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பார்கள், பரிசு கொடுப்பார்கள், ஆண்டு விழாவில் ஆடவும் விடுவார்கள். மாடிப்படிதான் எல்லை. அவர்கள் கீழே நின்று "மேடம்!" என்று குரல் கொடுப்பார்கள். கனகவல்லி நடுப்படிவரை இறங்கி வந்து நோட்டுக் கட்டை வாங்கிக்கொள்வாள். இதை யார் ஏற்பாடு செய்தார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. காலையில் குழாயில் தண்ணீர் வருவதுபோல அதுவும் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் மாடியேறியது. ஏறிய பிறகுதான் வேதாசலத்துக்கு ஒன்று உறைத்தது. அதை இயக்கத் தெரிந்தவள் கம்ப்யூட்டர் டீச்சர் யூனிஸ் ஒருத்திதான். யூனிஸுக்கும் வீடு அதே காலனியில். வருஷக்கணக்காக அந்தப் பள்ளியில் வேலை பார்ப்பவளுக்கு, மாடிச் சுவரில் என்ன நிறம் அடித்திருக்கிறது என்பது தெரியாது.

வேதாசலம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துப் பரிவோடு சொன்னார்: "நீங்க எதுக்கு டீச்சர் படியேறி கஷ்டப்படறீங்க? அங்கேருந்தே சொல்லுங்க. நான் இங்க தட்டிக்கறேன்."

யூனிஸ் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்," என்று படியருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் குரல் கூடம்வரை எட்டவில்லை. எனவே கனகவல்லி நடுப்படியில் நிறுத்தப்பட்டாள்.

"மேடம், எடது பக்க மூலையில ஸ்டார்ட்னு இருக்கும். அத தட்டச் சொல்லுங்க."

"என்னங்க, எடது மூலையில ஸ்டார்ட்டாம்!"

"யாருக்கு எடது? எனக்கா, பொட்டிக்கா?"

"டீச்சர், யாருக்கு எடதுன்னு கேக்கறாரு."

படியைச் சுற்றி மொய்த்திருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவழியாக மேலே மோடம் கீச்சிட்டு, கரகரத்து, தொண்டையைச் செருமியது. "வந்துட்டுது, வந்துட்டுது!" என்று கீழே கைதட்டல்.

"பாஸ்வேர்டு கேக்குதாம் டீச்சர்!"

யூனிஸ் தயங்கினாள். "அது ரகசியமா சொல்லணும் மேடம்."

"ரகசியத்த எப்படி டீச்சர் கத்தறது?"

வேறு வழியில்லை. யூனிஸ் எழுத்தெழுத்தாகச் சொல்ல, கனகவல்லி எழுத்தெழுத்தாக மேலே அனுப்பினாள். வேதாசலத்தின் காதில் பாதி விழவில்லை. மறுபடி சொன்னபோது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கோரஸாக முழங்கினார்கள். வாசலில் கூடையோடு நின்ற கீரைக்காரி, "கடசில நாலு வர்தும்மா, அத வுட்டுட்டாரு அய்யா," என்று திருத்தினாள்.

கனகவல்லி சிரிக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, அத்தனை கூட்டத்தில் கிறிஸ்டினா மட்டும் சிரிக்காமல் நின்றாள். கழுத்தை முடிந்த மட்டும் நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி மேடம் இருக்கு?"

"எதுடி?"

"இன்டர்நெட்டு."

கனகவல்லி திரும்பி எட்டிப் பார்த்தாள். கணவருடைய முதுகும் அதன் ஓரத்தில் ஒரு துளி நீல வெளிச்சமும்தான் தெரிந்தன. "எனக்கும் இங்கேருந்து ஒண்ணும் தெரியலடி," என்றாள்.

சொல்லிவிட்ட பிறகு அந்த வார்த்தை உள்ளே போய்க் குத்தியது. இவ்வளவு நாளும் தான் மேலே இருப்பவள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நிற்பதென்னவோ நடுப்படியில். இங்கே நின்று என்ன செய்கிறேன்? கீழே இருப்பவர்கள் மேலே வந்துவிடாமல் அவர்களுடைய அறிவை மட்டும் வாங்கி மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கடையில் அளந்து விற்கும் ஒயர் செய்கிற வேலை இது. அந்த ஒயருக்குக்கூட யார் எந்தத் தெரு என்று கேட்கத் தெரியாது.

அவள் எழுந்து நின்றாள். "டீச்சர், மேல வாங்க. நான் கூப்பிடறேன். நீங்களே வந்து போட்டுக் குடுங்க."

யூனிஸும் எழுந்தாள்.

"வேணாம் மேடம்."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

"அதுக்கில்ல." யூனிஸின் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்லித் தருகிற நிதானம்தான் இருந்தது. "இன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, நான் ஏறிடுவேன். திங்கக்கெழம கிறிஸ்டினாவ யாரு கூப்பிடுவாங்க? தெனம் நீங்க இங்க நின்னு ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருப்பீங்களா? பாய் சொன்னாராமே, ஒயர கீழ இறக்கிடலாம்னு. இறக்கிட்டா யாரும் யாரையும் கூப்பிட வேணாம் மேடம்."

மேலே லைன் அறுந்துவிட்டது போலிருக்கிறது. "என்னடி அங்க பேச்சு? இங்க எல்லாம் போச்சு!" என்று வேதாசலம் கத்தினார்.

மறுநாள் சுவாதி நட்சத்திரம். வேதாசலம் வழக்கம்போல் நரசிம்மரைச் சேவிக்கச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயிலேறினார். அவர் தலை மறைந்ததும் கனகவல்லி சௌகத் அலிக்குப் போன் செய்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலியைக்கூட அவள் கேட்காமல் நகர்த்தியதில்லை.

சௌகத் அலி துளை போடும் மிஷினோடு வந்து, சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சார் வந்து என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாரேக்கா?"

"போன் யார் பேர்ல பாய் இருக்கு?"

"ஸ்கூல் பேர்ல."

"அப்ப ஸ்கூல்லயே இருக்கட்டும்."

"இன்னா பாயின்ட்டுக்கா!" என்று சிரித்துக்கொண்டே அவர் மிஷினைச் சுவரில் வைத்தார். சுண்ணாம்புத் தூள் பறந்தது. கனகவல்லிக்கு என்னவோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஒயர், போன், கம்ப்யூட்டர் மூன்றும் கீழே போய்ச் சேர்ந்தன.

வேதாசலம் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்தவர், காலியாகக் கிடந்த போன் ஸ்டாண்டின் முன் சிலையானார். "யாரக் கேட்டு எறக்கின?"

"யாரையும் கேக்கல. வாசல் பலகையில ஸ்கூல்ல இன்டர்நெட் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதப் படிச்சேன், செஞ்சேன்."

"நாளைக்கே மேல வரும் பாரு!"

வரவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே அடுக்குமாடிப் பெற்றோர்கள் இன்டர்நெட்டைப் பார்க்க வந்துவிட்டார்கள். வேதாசலமே அவர்களை அழைத்துப்போய், "எல்லாப் பிள்ளைங்களுக்கும் உண்டு சார், வகுப்பு வகுப்பா," என்று பெருமையடித்தார். சொன்ன பிறகு எதைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது?

பிற்பகலில் நோட்டுப் புத்தகக் கடைக்கு அவசரமாகப் பேச வேண்டியிருந்தது. வேதாசலம் இறங்கி வந்து கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றார். பின்னாலேயே கனகவல்லியும் வந்தாள். உள்ளே ஏழாம் வகுப்பு. மௌஸ் கிறிஸ்டினாவின் கையில். திரையில் ஓர் எரிமலைப் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. புகை வந்துவிட்டது, மலை இன்னும் வரவில்லை.

"ஒரு போன் பண்ணணும் டீச்சர்."

"கொஞ்சம் இருங்க சார். இப்ப எடுத்தா லைன் போயிடும். பாதி மலைதான் வந்திருக்கு," என்றாள் யூனிஸ்.

கிறிஸ்டினா திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள். அவள் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. இன்டர்நெட்டைப் பார்த்த சந்தோஷம் மட்டுமே இருந்தது.

"உள்ள வாங்க சார். எதுக்கு வெளியவே நிக்கறீங்க?"

வேதாசலத்தின் கால் நிலைப்படியைத் தாண்டவில்லை. பெஞ்சில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

கனகவல்லி அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், கிறிஸ்டினாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கடி, காட்டு. நானும் இன்னும் பாக்கல."