ஓடின் குதிரையின் பங்கு

அறுவடை முடிந்ததும் வயலின் வடக்கு மூலையில் ஒரு கட்டு பார்லிக் கதிரை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். அது ஓடின் சாமியின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிருக்கு. குளிர்காலத்தில் வந்து தின்றுவிட்டுத் தன் வழியே போய்விடும். அந்தப் பங்கை வேறு யாராவது தின்றால், தின்ற வாயை மோப்பம் பிடித்து வீட்டுக்கே வரும். அந்த ஆளைக் கொண்டுபோகாமல் திரும்பாது. அந்தப் பள்ளத்தாக்கில் பால் மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். அஸ்லாக்குக்கு மட்டும் தெரியாதா என்ன? எல்லாம் கொழுப்பு!

"அதுல கைய வைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று அவன் மனைவி யோரூன் வயலிலேயே கெஞ்சினாள்.

"போடி இவளே! எட்டுக் காலு இருக்குல்ல, பக்கத்து வயலுக்குப் போய்த் தின்னட்டும். நம்ம புள்ள எலும்பும் தோலுமா கெடக்கு."

அரிவாளை ஒரே வீச்சாக வீசிக் கதிரை அறுத்துவிட்டான். யோரூன் அந்தக் கதிரைப் பரணில் ஒளித்து வைத்தாள். ஆனால் பனி இறங்கி, வீட்டில் மாவு தீர்ந்த ஒரு நாள், ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு அவள் உள்ளே வந்தபோது ரொட்டி வாசனை மூக்கைத் துளைத்தது. மகள் ஆல்ப்டிஸ் கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள்.

யோரூன் பரணை எட்டிப் பார்த்தாள். ஒளித்து வைத்த கட்டைக் காணவில்லை. "நீங்களும் தின்னீங்களா?"

"இல்ல. அவளுக்குத்தான் சுட்டேன். இன்னும் ஒரு துண்டு இருக்கு," என்றான் அஸ்லாக். குரலில் பழைய தெம்பு இல்லை.

பொழுது சாயும்போது நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்காரும் பலகைக்கு அடியில் புகுந்தது. உறைந்த தரையில் குளம்புச் சத்தம். சாதாரணக் குதிரைக்கு ஒரு குளம்படிக்கும் அடுத்த குளம்படிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். இதற்கு இல்லை.

யோரூன் மகளின் வாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிள்ளை வீரிட்டது. மேலே மண் பரப்பிப் புல் வளர்த்த கூரையில் ஏதோ மிதிக்க, அடுப்பில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், சரியாக ஆல்ப்டிஸ் உட்கார்ந்திருந்த இடத்தில், மோப்பம் பிடிக்கும் சத்தம். சுவர்ப் பலகை விரிசல் விட்டது.

"கேலி பேசினீங்களே! இப்ப என் புள்ளயக் கொண்டுபோகப் போகுதே!" என்று யோரூன் அலறினாள்.

அஸ்லாக் பாய்ந்து எழுந்தான். அந்த மிச்சத் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். துகளைத் தாடியெல்லாம் பூசிக்கொண்டான்.

"புள்ள வாயை நல்லாப் பொத்திக்க. நான் போனதும் தாழ்ப்பாளப் போடு. யாரு கூப்பிட்டாலும் திறக்காத. நானே கூப்பிட்டாலும் திறக்காத, தெரிஞ்சுதா?"

வெளியே போய், "ஏய், இங்க வா! நான்தான் தின்னேன்!" என்று கத்தினான். அவ்வளவுதான் கேட்டது. விடிந்து பார்த்தால், அவன் காலடித் தடம் வேலிவரை போயிருந்தது. அதற்கப்பால் வெறும் பனி.

அடுத்த வருஷம் யோரூன் ஒரு கட்டு இல்லை, ஒரு வரிசையையே அறுக்காமல் விட்டாள். பனிக்காலத்தில் குளம்புச் சத்தம் வந்தது. கதிரை நறநறவென்று மெல்லும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்பாடா என்று அவள் மூச்சுவிட்டபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யோரூன், பசிக்குதுடி. ஒரு துண்டு ரொட்டி இருந்தாக் குடு."

"அம்மா, அப்பா வந்திருக்காரு!" என்று ஆல்ப்டிஸ் துள்ளி எழுந்தாள்.

யோரூன் அவளை இழுத்து மடியில் அமுக்கி, வாயை இறுக்கப் பொத்தினாள். கண்ணீர் மகளின் தலையில் சொட்டியது. கதவை அவள் திறக்கவில்லை.