மருதாணித் தொப்பி

நித்யஸ்ரீ கண் விழித்தபோது பத்து விரல் நுனிகளும் ஜில்லென்று இருந்தன.

மூன்று நாட்களாகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த களைப்பு. மத்தியானம் சாப்பிட்ட கையோடு பாயில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போயிருந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பச்சைத் தொப்பி. பக்கத்தில் மருதாணிக் கிண்ணத்தோடு மாடி வீட்டு ஷஹீன் பானு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அசையாதடி. இன்னும் அரை மணி நேரம். நாளைக்கு விசா ஆபீஸ்ல எல்லாரும் உன் கையத்தான் பாக்கணும்."

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நித்யஸ்ரீக்கு விசா ஆபீஸ் அனுப்பியிருந்த மின்னஞ்சலின் ஒரு வரி நினைவுக்கு வந்தது. கைரேகை கொடுக்க வருகிறவர்களின் விரல் நுனியில் வெட்டுக்காயமோ மருதாணியோ இருக்கக் கூடாது.

காயத்துக்குத்தான் அவர்கள் பயந்திருந்தார்கள். அம்மா மனோரமா வீட்டிலிருந்தபடியே ஷூ கம்பெனிக்கு மேல்தோல் தைப்பவள். மெழுகு நூலை இழுத்து இழுத்து அவள் விரல்களில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. ஸ்காட்லாந்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு படிக்க உதவித்தொகை கிடைத்த நாளிலிருந்து மகளை ஊசியைத் தொட விட்டதில்லை. வெங்காயம் நறுக்கக்கூட விடவில்லை. மருதாணி என்ற சொல்லை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை.

குழாயடிக்கு ஓடிக் கழுவினாள். பச்சை போனது. கீழே இளம் ஆரஞ்சு ஒட்டியிருந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்று மனோரமா ஓடிவந்தாள். விஷயம் புரிந்ததும் ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து மகளின் விரல்களில் பரபரவென்று தேய்த்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, எலுமிச்சம்பழம் தேச்சா இன்னும் செவக்கும்!" என்று கத்தினாள் ஷஹீன். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மருதாணி நேரம் ஆக ஆகத்தான் கறுக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

நாளைக் காலை பத்து மணிக்குச் சென்னையில் கைரேகை. அதை விட்டால் அடுத்த தேதி இருபத்து மூன்று. பதினெட்டுக்குள் விசா விண்ணப்பம் முடியாவிட்டால் உதவித்தொகை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். சோப்பு, துணி சோப்பு, உப்பு, பற்பசை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார்கள். விரல்கள் காய்ந்து வறண்டன. நிறம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

ஐந்து மணிக்கு ஷஹீனின் அப்பா வாஹித் பாஷா வேலை முடிந்து வந்தார். தோல் கம்பெனியில் சாயப் பிரிவில் இருபது வருடம்.

"அப்பா, தோல்ல தப்பா ஏறின சாயத்த எறக்க ஒரு மருந்து போடுவீங்கல்ல? அத எடுத்தாங்க. ஓடுங்க."

அவர் வந்த வழியே திரும்பிப் போய், அரை மணி நேரத்தில் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். மூடியைத் திறந்ததும் எல்லாருக்கும் மூக்கு எரிந்தது. நித்யஸ்ரீ கையை நீட்டினாள்.

வாஹித் பாஷா ஊற்றவில்லை. அவள் விரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். நுனியை லேசாக வளைத்துப் பார்த்தார். கம்பெனியில் ஒரு தோலை அப்படித்தான் பார்ப்பார்.

"சாயம் போவும்," என்றார். "கிரெய்னும் கூடப் போவும்."

"கிரெய்ன்னா இன்னா பாய்?" என்றாள் மனோரமா.

"தோல் மேல இருக்குற கோடும்மா. அது போச்சுன்னா வெறும் அட்டை. மிஷினுக்கு வேண்டியது கலரா, கோடா? அத சொல்லு."



"ஒரு வெரல்ல மட்டும் ஊத்திப் பாக்கலாம்," என்றாள் ஷஹீன். "என் கைல மொதல்ல ஊத்துங்கப்பா."

"சும்மா இருடி." நித்யஸ்ரீ பாட்டிலை வாங்கி மூடினாள். "வேணாம் சாச்சா. கோடு இருந்தா நாளைக்குப் போய் சண்டையாவது போடலாம்."

"போடு. படிச்சிட்டு வந்து, சாயத் தண்ணி விடுற எங்க கம்பெனிய இழுத்து மூடு," என்றார் அவர்.

ஆம்பூரிலிருந்து விடியற்கால ரயிலில் ஷஹீன்தான் கூட வந்தாள். தைக்க ஒப்புக்கொண்ட ஷூ ஜோடிகளை அன்று கொடுத்தாக வேண்டும் என்பதால் மனோரமாவால் வர முடியவில்லை. அரக்கோணம் தாண்டும்போது விரல்கள் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. நித்யஸ்ரீ அவற்றைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

விசா மையத்தின் வாசலிலேயே காவலாளி ஷஹீனை நிறுத்திவிட்டார்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மெஹந்தியா? மெயில் படிக்கலையா?"

"படிச்சேன் மேடம்."

"அப்புறம்?"

"நான் தூங்கும்போது என் தோஸ்த் வச்சிட்டா."

அந்தப் பெண் ரேகை எடுக்கும் மிஷினைக் காட்டினாள். "மூணு தடவை வைக்கலாம். மிஷின் எடுக்கலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வலது கையின் நான்கு விரல்கள். பச்சை விளக்கு. கட்டைவிரல்கள் இரண்டும் பச்சை. இடது கையை வைத்தாள். சிவப்பு. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"கை ஏன் இப்படி வறண்டு கெடக்கு? சோப்பு போட்டுத் தேச்சியா?"

"நேத்து பூரா மேடம்."

"தேய்க்காமலே வந்திருக்கலாம். நெத்தியில தடவிட்டு வை. அழுத்தாத."

நித்யஸ்ரீ நான்கு விரல்களையும் நெற்றியில் வைத்து இழுத்தாள். வியர்வை பிசுபிசுத்தது. மிஷின் கண்ணாடியின் மேல் மெல்ல வைத்தாள். திரை வெறுமையாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக, சாம்பல் நிறத்தில், சுழி சுழியாக நான்கு விரல்களும் எழுந்து வந்தன. பச்சை.

"அடுத்தவங்க வரலாம்," என்றாள் அந்தப் பெண். நித்யஸ்ரீக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

ஷஹீன் நடைபாதையில் டீ கிளாஸைப் பிடித்தபடி நின்றிருந்தாள். டீ அப்படியே இருந்தது.

"சொல்லித் தொலைடி."

"எடுத்துக்கிச்சு."

ஷஹீன் அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இனிமே உன் கையத் தொட்டா என்னைச் செருப்பால அடி."

"ஆம்பூர்ல செருப்புக்கா பஞ்சம்?"

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவள் ஷஹீன்தான்.

"அப்போ, நெஜமாவே போயிடுவல்ல?"

நித்யஸ்ரீ அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கினாள். டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினாள்.