ஏழு நிமிடத் தூரத்தில் ஜீப்

பயமில்லாமல் செருப்புக் கடை நடத்த நான் கொடுத்துவந்த விலை வருடத்துக்கு இரண்டு சோடி சப்பாத்து. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று பொலிஸ் சார்ஜன்ட் விமலசேனவுக்கு. பள்ளி திறக்கும்போது ஒன்று அவர் மகனுக்கு. கடைவீதியில் இதை லஞ்சம் என்பதில்லை, பழக்கம் என்போம். பதிலுக்கு அவருடைய சொந்த இலக்கம் என் போனில் இருந்தது. புசல்லாவைக்கு இந்தப் பக்கம் அந்த இலக்கம் இல்லாதவன் முதலாளியே இல்லை.

என் கடைக்கு அடுத்த அறையில் கலாராணி தையல் கடை வைத்திருந்தாள். புருஷன் ரவிகுமாரைப் பிரிந்து ஒரு வருடம். போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அவள் பலகைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, நடுச்சுவரில் தட்டினாள்.

"நஸீப் நானா, அவரு வந்துட்டாரு. நான் பொலிஸ் 119க்கு அடிக்கவா?"

"அது கொழும்புக்குப் போய்ச் சுத்தி வரும், தங்கச்சி. சத்தம் போடாம இரு. எங்கட ஆள் ஈக்கிறாரு."

மணி 2.41. சார்ஜன்டை அழைத்தேன். பின்னால் ஒரே சனச் சத்தம்.

"பயப்பட வேணாம், முதலாளி. அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? வாடிக்கையாளரிடம் தினமும் நானே சொல்வதுதானே.

கத்தி பலகையில் விழத் தொடங்கியது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நின்றேன். எதிர்ப்பக்கம் இருபது பேராவது இருப்பார்கள். எல்லோர் கையிலும் போன். "நஸீப் நானா சார்ஜன்டுக்கே சொல்லிட்டாராம்" என்று பேசிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் அழைக்கவில்லை.

2.50க்கு மறுபடி எடுத்தேன். "ஆளுக்குச் சொல்லியிருக்கு, முதலாளி." அதற்குப் பிறகு மணி மட்டும் அடித்தது, அவர் எடுக்கவில்லை.

2.58. என் மனைவி ரபீகா மாடியிலிருந்து இறங்கி வந்து போனைப் பிடுங்கினாள்.

"ஒங்கட சார்ஜன்ட் வாரதுக்குள்ள அந்தப் புள்ள மவுத்தாப் போயிரும்."

119க்கு அடித்து, சிங்களத்தில் இடத்தைச் சொன்னாள்.

ஜீப் 3.05க்கு வந்தது. பலகை உடைந்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. பஸ் நிலையப் பையன்கள் ரவிகுமாரைக் கீழே போட்டு அமுக்கியிருந்தார்கள். கலாராணி முகத்தைக் காக்கக் கையைத்தான் நீட்டியிருக்கிறாள்.

வாக்குமூலம் எழுத வந்த இன்ஸ்பெக்டர் என் கடைக் கதிரையில் உட்கார்ந்து, என் போனிலிருந்த நேரங்களைக் குறித்துக்கொண்டார்.

"விமலசேன ஒரு கிழமையா கண்டியில, பெரஹரா ஊர்வலத்துக்கு டியூட்டி. அங்க இருந்து தெரிஞ்ச கொன்ஸ்டபிள் ஒருத்தருக்குச் சொல்லியிருக்காரு. அவரு லீவு. ஜீப் கீழ் வளைவுலதான் நின்னுச்சு, முதலாளி. எங்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லல்ல."

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் கலாராணியைப் பார்க்கப் போனேன். வலது கையில் இரண்டு விரல் இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள்.

"நான் அடிக்கவான்னு கேட்டேன், நானா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

எந்த விலைக்கும் ஒரு மறுபேச்சு வைத்திருக்கிறவன் நான். அன்று போனை எடுத்து அழைப்பு நேரங்களைப் பார்த்தேன்.

முதல் அழைப்பு 2.41. ஜீப் வந்தது 3.05. மொத்தம் இருபத்து நான்கு நிமிடம். பொலிசுக்கு அதில் ஏழு. மிச்சம் பதினேழும் என் பேரில் நிற்கின்றன. கழிக்க ஒன்றுமில்லை.