முப்பதடி வாய்க்காலில் அடித்த அலாரம்

ரால்ஃப் செட்செல் அந்தப் பருவத்தில் கொன்ற முதல் பைக் மீன் பதினேழு பவுண்டு இருந்தது. நவம்பர் இரண்டாம் ஞாயிறு, காலை பத்தரை மணி, முப்பதடி வாய்க்காலின் மேற்குக் கரை. கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. பைக் என்ற அந்தப் பெரிய நன்னீர் வேட்டை மீனை எங்கள் தூண்டில் சங்கத்தில் யாரும் கொல்வதில்லை. பிடிப்போம், எடை பார்ப்போம், திரும்பத் தண்ணீரில் விடுவோம்.

அன்று அவனுக்கு அறுபது தப்படி தள்ளி உட்கார்ந்திருந்தவள் வாண்டா ஃபோவார்க். ரால்ஃபின் மனைவி பாலினுக்குத் தங்கை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சங்கத்தில் பைக் மீன் பிடிப்பதில் அவளை மிஞ்சிய ஆள் கிடையாது. ரால்ஃபுக்கு அதில் கொஞ்சம் புகைச்சல் உண்டு.

வாய்க்கால் அடியில் செத்த மத்தியையோ கானாங்கெளுத்தியையோ இரையாகப் போட்டுக் காத்திருப்பதுதான் எங்கள் குளிர்கால வழக்கம். பைக் மீன் அதை அவசரமில்லாமல் எடுக்கும். வாத்தின் அலகு போல நீண்ட வாயில் குறுக்காகக் கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் போகும். பிறகு இரையைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். கவ்வியதும் இழுத்தால் முள் வாயோரத்தில் மாட்டும். தாமதித்தால் முள் தொண்டைக்குள் போய்விடும். அதனால்தான் கம்பைத் தாங்கும் கவட்டையில் ஓர் அலாரம் பொருத்தியிருப்போம். தூண்டில் நரம்பு நகர்ந்தால் அது கத்தும், சிவப்பு விளக்கும் எரியும்.

ரால்ஃபின் அலாரம் கத்தியது. அவன் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான். மூடியைத் திருகி மூடினான். பையில் பிஸ்கட் தேடினான். வாண்டா எழுந்து கத்திக்கொண்டே ஓடினாள்.

"யோவ் ரால்ஃப்! உன் கம்புய்யா! கம்பு!"

அவள் நிழல் டீயின் மேல் விழுந்த பிறகுதான் அவன் திரும்பினான்.

மீனைக் கரையேற்றி, ஈரமெத்தையில் கிடத்தி வாயைத் திறந்தார்கள். முள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு முள்ளும் கட்டியிருந்த கம்பி மட்டும் தொண்டைக்குள் இறங்கிப் போயிருந்தது. வாண்டா செவுள் மூடியைத் தூக்கி, நீண்ட இடுக்கியை உள்ளே விட்டு, இருபது நிமிடம் போராடி இரண்டு முள்ளையும் எடுத்தாள். மீனை வாலருகே பிடித்துத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தாள். அது மெதுவாக நீந்திப் போனது. மதியம் பாலத்துக்குக் கீழே வயிற்றைக் காட்டி மிதந்தது.

"டீ குடிக்க வந்தியா, மீன் புடிக்க வந்தியா? எவ்ளோ நேரமா கத்துச்சு தெரியுமா?" என்றாள் வாண்டா.

"கத்தவே இல்ல. கத்துனா எடுத்திருக்க மாட்டனா?"

"எனக்குக் கேட்டுச்சே."

"உனக்கு எதுதான் கேக்காது? அடுத்த ஊர்ல எவனாவது உன்னப் பத்திப் பேசுனாக்கூடக் கேக்கும்."

சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரே பருவத்தில் ஒருவருடைய முள்ளை விழுங்கி இரண்டு பைக் மீன்கள் செத்தால், அவர் அந்தப் பருவம் முடியும்வரை செத்த மீனை இரையாகப் போடக் கூடாது. அலாரம் பழுது என்று ரால்ஃப் செயலாளருக்கு எழுதிக் கொடுத்தான். செயலாளர் நம்பினார். அந்த மீன் கணக்கில் சேரவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொன்று அதே மாதிரி செத்தது. சிறியதுதான், ஆறு பவுண்டு. இந்த முறை சாக்கு செல்லவில்லை, அது மட்டும் கணக்கில் ஏறியது.

மறுநாள் ரால்ஃப் அலாரத்தை வாங்கிய கடைக்குப் போனான். வாண்டாவும் புழு வாங்க வேண்டுமென்று கூடப் போனாள். கடைக்காரர் நோயல் பாப்வொர்த் அதிகம் பேசாதவர். மேசைக்கடியில் அவருடைய கிழட்டு நாய் படுத்துக் கிடந்தது. அவர் அலாரத்தின் மேல் ஒரு துண்டு நரம்பை வைத்து இழுத்தார். விளக்கு எரிந்தது.

"நல்லாத்தானே கத்துது" என்றார்.

"இப்பக் கத்துது. கரையில கத்த மாட்டேங்குது. ஈரம் பட்டா நின்னுடுது போல."

வாண்டா அலாரத்தைக் கையில் வாங்கினாள். கட்டை விரலால் விளக்கை மூடிக்கொண்டு நரம்பை இழுத்தாள். நாய் தலையைத் தூக்கிக் குரைத்தது. பாப்வொர்த் முகத்தைச் சுளித்தார்.

"பாத்தீங்களா? இப்ப நின்னுடுச்சு" என்றான் ரால்ஃப்.

வாண்டா இன்னொரு முறை இழுத்தாள். நாய் மறுபடியும் குரைத்தது. ரால்ஃப் நாயைப் பார்த்தான், பாப்வொர்த்தின் முகத்தைப் பார்த்தான், பிறகு வாண்டாவின் கட்டை விரலைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது. அலாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான்.

முப்பத்தோரு வருடம் அவன் நீரேற்று நிலையத்தில் டீசல் எஞ்சின்களுக்கு நடுவில் வேலை பார்த்தவன். காதுக்கு உறை போடச் சொல்வார்கள். எஞ்சினில் ஏதாவது கோளாறு என்றால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று சொல்லி அவன் போட மாட்டான். கனத்த சத்தங்கள் அவனுக்கு இன்னும் கேட்கும். கீச்சென்ற சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக விலகிப் போயிருந்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தும் ஒப்புக்கொள்ளவில்லை என்று பாலின் சொல்வாள்.

"ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன், போய்க் காட்டுன்னு. நீ கேக்கல" என்றாள் அன்று இரவுச் சாப்பாட்டின்போது. பிறகு அவளே திருத்திக்கொண்டாள். "நெசமாவே கேக்கலதான் போல."

ஒன்பது நாள் அவன் வாண்டாவுடன் பேசவில்லை. பத்தாம் நாள் கொட்டகையில் விளக்குப் போட்டு வேலையை ஆரம்பித்தான். காதை என்ன செய்வது என்று அவன் யோசிக்கவில்லை. காதே வேண்டாத ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா என்றுதான் யோசித்தான். மெல்லிய கம்பியின் ஒரு முனையைக் கம்பின் பின்பக்கத் தாங்கியில் கீல் வைத்துப் பொருத்தினான். மறுமுனையில் எலுமிச்சை அளவு ஆரஞ்சு நிறப் பந்தும், நரம்பைக் கவ்வும் சிறு கவ்வியும் வைத்தான். மீன் நரம்பை இழுத்தால் கவ்வி நரம்பை விட்டுவிடும், பந்து கீழே விழும். மீன் கரையை நோக்கி வந்து நரம்பு தொய்ந்தாலும் பந்து விழும். அப்படி ஓர் அமைப்பு கடையிலேயே கிடைக்கும். வாண்டாவிடமே இரண்டு இருக்கின்றன. ஆனால் அவனுடைய பந்து இரு மடங்கு பெரியது.

டிசம்பர் முதல் ஞாயிறு அவனே அவளுக்குப் போன் செய்தான். "வர்றியா" என்று மட்டும் கேட்டான். அவள் வந்தாள். அந்தக் கடை விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. இந்த முறை அவன் நாற்காலியைக் கம்புக்கு ஒரு கை தூரத்தில், வாய்க்காலைப் பார்த்துப் போட்டுக்கொண்டான். டீ பாலினின் பழைய குவளையில் முன்கூட்டியே ஊற்றி வைத்திருந்தான்.

பந்து நான்கு முறை விழுந்தது. நான்கு முறையும் அவன் பாய்ந்து இழுத்தான். இரண்டு முறை மிதந்து வந்த களைதான் மாட்டியிருந்தது. மற்ற இரண்டில் ஒருமுறை வெறும் கம்பியும், ஒருமுறை பல் பதிந்த கானாங்கெளுத்தியும் வந்தன.

"பந்த பாத்தா பூசணிக்கா மாதிரி இருக்கு. நரம்ப பாத்தா துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது" என்றாள் வாண்டா. "மீன் கவ்விட்டு கால் மைல் நடந்தப்புறம்தான் உனக்குத் தகவல் வருது. ஈயக்குண்ட பெருசாப் போடு. அடியில நங்கூரம் மாதிரி நிக்கணும். அப்புறம் கம்பு நுனி லேசா வளையுற வரைக்கும் நரம்ப இழுத்துக் கட்டு."

"அப்ப முள்ளு ஏன் மாட்டல? அதச் சொல்லு."

அது அவளுக்கும் தெரியவில்லை. பல் பதிந்த கானாங்கெளுத்தியை அவன் மடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். இரை கழன்று விடக் கூடாதென்று முள்ளின் மூன்று முனைகளையும் சதைக்குள் ஆழமாகப் புதைத்திருந்தான். இழுத்தபோது முள் மீன் வாயில் ஏறாமல் இரையிலேயே இருந்துவிட்டது.

"ஸ்பேனர் எண்ணெச் சட்டியில முழுகிக் கெடந்தா போல்ட்ட எப்படிப் புடிக்கும்?" என்றான். பாதி அவளிடம், பாதி மீனிடம்.

பிறகு அவன் சிறிய மத்திகளுக்கு மாறினான். ஒரு முள்ளை வாலடியிலும் மற்றொன்றை விலாவின் நடுவிலும் வைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு முனை மட்டும் தோலில் குத்தியிருக்கும். மற்ற முனைகள் வெளியே நிற்கும். மத்தியின் சதை இளகியது, வீசும்போதே பிய்ந்து போகும் என்பதால் உறைந்த நிலையிலேயே கட்டினான். பந்து விழுந்ததும் கம்பை வானத்துக்கு வெட்டி இழுக்கும் பழக்கத்தை விட்டான். தொய்வு தீரும்வரை ரீலைச் சுற்றி, கனம் கைக்கு வந்ததும் பக்கவாட்டில் தாழ இழுத்தான். இதெல்லாம் கைவர நான்கு ஞாயிறு ஆனது. அதற்குள் மூன்று மீனைத் தவறவிட்டான், ஒன்றைப் பிடித்தான்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு கரையோரத்தில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. மணி பன்னிரண்டு இருக்கும். ரால்ஃப் திடீரென்று எழுந்து கம்பை எடுப்பதை வாண்டா பார்த்தாள். பந்து விழவில்லை. அவனுடைய இடத்தில் அவள் இருந்திருந்தால் அவளுடைய அலாரமும் கத்தியிருக்காது. பந்து ஒரு அரிசி அளவு ஏறி இறங்கியதாக அவன் பிறகு சொன்னான். ரீலைச் சுற்றினான். கம்பு வளைந்து நின்றது.

இருபத்திரண்டு பவுண்டு. இரண்டு முள்ளும் வாயோரத்தில், விரலால் தொடும் இடத்தில் இருந்தன. அவன் இடுக்கியைத் திறந்து மூடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மீன் ஒரு நிமிடத்தில் தண்ணீருக்குத் திரும்பியது. ரால்ஃப் மெத்தைமேல் முழங்காலிட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தான். இரு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

"குளிரா?" என்று கேட்டாள் வாண்டா.

அவனுக்குக் கேட்டதோ என்னவோ, அடுத்த மத்தியை எடுத்துக் கம்பியில் கட்டத் தொடங்கினான்.

அந்த மாதக் கடைசியில் சங்கக் கூட்டம், மதுக்கடையின் பின்னறையில். நானும் இருந்தேன். பாப்வொர்த் பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். செயலாளர் தாளைப் பார்த்து வாசித்தார். பழுதான அலாரத்தால் ஒரு பெரிய மீன் செத்திருக்கிறது, அதனால் பாப்வொர்த் கடையைச் சங்கம் பரிந்துரைக்கும் கடைகளின் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். பாப்வொர்த் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு உண்மை தெரியும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

ரால்ஃபுக்கு வாசித்தது முழுதாகக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த வாண்டா தாளை அவன் பக்கம் நகர்த்தி, விரலை வரியின் மேல் வைத்தாள். அவன் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான். எழுந்தான்.

"அலாரம் நல்லாத்தான் இருக்கு" என்றான், அறைக்குத் தேவையானதைவிட உரத்த குரலில். "எனக்குத்தான் காது போயிடுச்சு. நவம்பர்லயே தெரியும். மாத்திச் சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல. அந்த மீன் என் கணக்குதான்."

தீர்மானம் கொண்டுவந்தவர் அதை வாபஸ் வாங்கினார். ஆனால் இப்போது ரால்ஃபின் கணக்கில் இரண்டு மீன். விதியைத் தளர்த்தலாமா என்று செயலாளர் கேட்டார். தளர்த்தக் கூடாது என்று முதலில் கை தூக்கியவள் வாண்டா. அதன் பிறகு நாங்களும் தூக்கினோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் அவனைப் பிடித்தாள்.

"கோவமா?"

"என்னது?"

"கோவமான்னு கேட்டேன்!"

"கத்தாதடி, ரோடே கேக்குது." அவன் சாவியைத் தேடினான். "கோவம் இல்ல. நீ தூக்கலன்னா நான் தூக்கியிருப்பேன்."

பாப்வொர்த் அவர்களைக் கடந்து போகும்போது ரால்ஃபின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பருவம் முடியும்வரை ரால்ஃப் வாய்க்காலுக்கு வந்து புழுவைப் போட்டுச் சின்ன மீன்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். மே மாதம் பாலின் அவனைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார்கள். முதல் வாரம் பிளாஸ்டிக் பைகளின் சரசரப்பு தாங்க முடியவில்லை என்று சமையலறைப் பக்கமே அவன் வரவில்லையாம். இப்போது பழகிவிட்டது. காற்றடிக்கும் நாட்களில் மட்டும் கரையில் அவற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். போன குளிர்காலத்தில் அவன் பதினொரு பைக் மீன் பிடித்தான். வாண்டா பதினான்கு. இருவர் மீன்களிலும் ஒன்றுகூடச் சாகவில்லை.