பிலோமினம்மாளின் சீட்டுக்கு ஸ்டீயரிங் வந்த கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கையிலிருந்து கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேட்டால் எனக்கு மரியாதையாக இருக்காது.

1960-ஆம் வருஷம். சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பழைய ராணுவ ஜீப் ஒன்று வந்தது. அமெரிக்காக்காரன் சண்டைக்குச் செய்த வண்டி, அதனால் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஓட்டியவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வலப்பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் இருந்தாள். அவள் கையை வெளியே நீட்டினாள். பின்னால் வந்த லாரி, டாக்சி, மூன்று சக்கர டிரைஷா எல்லாம் அப்படியே நின்றன. ஜீப் வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் புளுகு. கை மட்டும் நிஜம். (வளையல் மூன்று. எண்ணினேன்.)

2

எழுத உட்கார்ந்ததும் ஆண்பிள்ளை புத்தி முந்திக்கொண்டது.

"இயேசுதாசனுக்கு ஜீப் என்றால் உயிர். பஸ் கம்பெனிப் பட்டறையில் பதினெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் கை பட்டால் எந்த இரும்பும்…"

நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இரும்பு பேசும். அந்த மாதிரி இரும்பு ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டது.

அடுத்தது: "ராணுவம் கழித்துப்போட்ட சாமான் கிடங்கில், லாலான் புல்லுக்கு நடுவே, சக்கரம் நாலும் இல்லாமல் கிடந்தது அது. யுத்த காலத்தில்…" யுத்தம் என்ற சொல் வந்ததும் பேனாவை மூடினேன். அதற்கு ஓர் ஓரம் கொடுத்தால் வீடு முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவதை அடிக்கவில்லை. இதோ:

பிலோமினம்மாளுக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே ஆகாது.

(முதல் ஆறு மாதம் மட்டும்.)

எப்படி ஆகும்? ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சந்தில் அவர்கள் வீட்டுப் பின்கட்டு முழுவதையும் ஜீப் பிடித்துக்கொண்டது. மீன் கழுவுகிற தொட்டியில் கார்புரேட்டர் மண்ணெண்ணெயில் ஊறியது. குழம்பு கொதிக்கும்போது புருஷன் வந்து அதே அடுப்பில் ஏதோ ஒரு பேரிங்கைச் சூடுபண்ணிக்கொண்டு போனான். சனிக்கிழமையானால் நாத்தனார் ஜோசபின் வந்துவிடுவாள். கான்வென்டில் டீச்சர், கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவள். ஜீப்போடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் நடத்துவதுபோல் வாசித்துத் தமிழில் சொல்வாள். இயேசுதாசன் முடுக்குவான். பிலோமினம்மாள் தார்ப்பாய்க் கூரை தைத்தாள். முதலில் முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். நாளாக ஆக முணுமுணுக்க மறந்துபோயிற்று. ஒரு ஞாயிறு கோயிலில் கைகூப்பி நின்றபோது விரலிடுக்கில் கிரீஸைப் பார்த்தாள். கூசிப்போனாள். வீட்டுக்கு வந்து அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

1958 கிறிஸ்துமஸுக்கு ஜீப் ஓடியது. அதிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் கிராஞ்சிப் பக்கம் போய்ச் செம்மண் சேற்றில் வண்டியை இறக்குவார்கள், ஏற்றுவார்கள். சேறு பூசிக்கொண்டு திரும்பி வருவார்கள். இதில் என்ன சுகம் என்று கேட்காதீர்கள். சேற்றிலிருந்து நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து வண்டி மேலே ஏறும்போது பிலோமினம்மாள் கையைத் தட்டிக் கூவுவாள். அவ்வளவு சந்தோஷம்.

3

இப்போது கைக்கு வருகிறேன்.

நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன. ஓட்டுகிறவன் வலப்பக்கம் உட்கார்ந்து, திரும்புவதற்குமுன் வலக்கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். இந்த ஜீப்பில் இயேசுதாசன் இடக்கோடியில் இருந்தான். அவன் கை நீட்டினால் நடைபாதையில் போகிறவர் மூக்கில்தான் இடிக்கும். ஆகவே கை, பிலோமினம்மாளுடைய கை. வலப்பக்கம் திரும்ப நீட்டுவாள். நிற்க மேலும் கீழும் ஆட்டுவாள். இடப்பக்கம் திரும்ப ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற மாதிரி சுழற்றுவாள்.*

கண்ணும் அவளுடையதுதான். முன்னால் ஒரு லாரி போனால் அதற்கு அப்பால் என்ன வருகிறதென்று இடப்பக்கத்திலிருந்து தெரியாது. "போலாமா?" என்று அவன் கேட்பான். "போங்க, போங்க" என்பாள். அல்லது, "இருங்க." இரண்டு வருஷம் அவன் உயிரும் ஜோசபின் உயிரும் அந்த இரண்டு சொல்லில்தான் இருந்தன.

* இடக்கையை நீட்டிச் சமாளித்தவர்களும் உண்டு என்று ஒரு நண்பர் சொல்கிறார். இருக்கலாம். அவர்கள் கதையை அவரே எழுதட்டும்.

4

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம்" என்று தெருவில் சிரித்தார்கள். இயேசுதாசன் பொறுத்துக்கொண்டான். ஒருநாள் தேக்கா மார்க்கெட் அருகில் அவன் நேரே போக நினைத்திருந்தான். வீட்டில் இஞ்சி இல்லை என்பது பிலோமினம்மாளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கை வெளியே போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் நின்று வழிவிட்டார்கள். எதிரே வந்தவனும் நின்றான். இவ்வளவு பேர் வழிவிட்டபிறகு நேரே போனால் அடிக்க வருவார்கள். அவன் திருப்பினான்.

"வண்டிய யாரு ஓட்றது, நீயா நானா?"

"இஞ்சி வேணுமா வேணாமா உங்களுக்கு?"

அன்றைக்கு முடிவு செய்தான்: ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றிவிட வேண்டும். தன் கையைத் தானே நீட்ட வேண்டும்.

5

சிராங்கூன் ஆறாம் கட்டையில், அதாவது ஆறாவது மைலில், பட்டறை வைத்திருந்த நூர்தீனிடம் ஜீப் போயிற்று. இரண்டு மாதம். பெடல்கள் இடம் மாறின, குழாய்கள் இடம் மாறின. ஸ்டீயரிங் பெட்டியை அந்தப் பக்கச் சட்டத்தில் பொருத்தினார்கள். ஜோசபினின் புத்தகத்தில் இதற்குப் பக்கமே கிடையாது.

முதல் ஓட்டம் இயேசுதாசனுடையது. பெருமையாக வலக்கையை நீட்டி, வலப்பக்கம் ஒடித்தான். ஜீப் இடப்பக்கம் திரும்பிச் சாக்கடையில் இறங்கியது.

"அண்ணே," என்றார் நூர்தீன், தலையைச் சொறிந்துகொண்டு, "பெட்டியத் தலைகீழா மாட்டிட்டோம்ணே. அதான் எல்லாம் எதிர்மாறாப் போவுது."

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. அவன் சாக்கடையில் விழுந்தான், ஆகவே அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள் என்று எழுதிவிட்டால் கதை வழுக்கிக்கொண்டு போகும். செய்யமாட்டேன். ஒரே வாரத்தில் பெட்டியைச் சரியாக மாட்டினார்கள், இயேசுதாசன் அருமையாக ஓட்டினான். நல்ல ஓட்டுநர் அவன். பிலோமினம்மாள் ஜெயிப்பதற்கு அவன் தோற்க வேண்டியதில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்பினார்கள். பிலோமினம்மாள் வழக்கம்போல் ஏறி, வழக்கமான சீட்டில் உட்கார்ந்தாள். எதிரே ஸ்டீயரிங் இருந்தது.

"நகரு, பிலோமி."

"எங்க நகர்றது?"

"அந்தப் பக்கம். ஸ்டீயரிங் இங்க வந்துடுச்சுல்ல."

"அதுதானே வந்துச்சு? நான் எங்கயும் போகலையே. ரெண்டு வருஷமா இது என் சீட்டு."

பின்னாலிருந்து ஜோசபின், "அண்ணி சொல்றது கரெக்ட் லா" என்றாள்.

"நீ சும்மா இரு. லைசென்ஸ் இல்லாம எப்படி ஓட்டுவே?"

"எடுத்துக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் அவளே முதலில் நினைத்தாள். சொல்லி முடித்ததும் விளையாட்டில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு மூவரும் கோயிலுக்கு நடந்து போனார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே.

7

(அவளுக்கு ஒரு காரணம் தேடிப் பார்த்தேன். கிராஞ்சியில் கோழிப் பண்ணை வைத்திருக்கும் தங்கை, அவளுக்கு நோய், பஸ் கிடையாது, லாரியில் தொற்றிக்கொண்டு போக வேண்டும். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தங்கை இருமக்கூடத் தொடங்கிவிட்டாள். அப்புறம் யோசித்தேன். இயேசுதாசன் ஜீப் வாங்கியபோது அவனுக்கு ஏதாவது நோயாளித் தம்பி வேண்டியிருந்ததா? ஆசைப்பட்டான், வாங்கினான். அவளும் ஆசைப்பட்டாள். தங்கையைக் குணமாக்கி அனுப்பிவிட்டேன்.)

8

நாலாவது வாரம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இயேசுதாசன் தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு புக்கிட் தீமா ரோடு வரை போனான். கை அவனுடையது, கண் அவனுடையது, ராஜா மாதிரி இருந்தான். முன்னால் ஒரு லாரி மெல்லப் போயிற்று. "போலாமா?" என்று கேட்டான். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். இடப்பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, பழகுநர் வண்டியில் கட்டுகிற சிவப்பு எழுத்து அட்டை இரண்டை மேசைமேல் வைத்தான்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நல்லாக் கட்டு, பறந்துடும்."

அவள் அழுதாள். இந்தக் கதையில் யாரும் அழக்கூடாது என்று இருந்தேன், மீறிவிட்டாள்.

9

முதல் டெஸ்ட். டெஸ்டர் பெரிய மீசைக்காரர், அதிகம் பேசாதவர். (அவர் பேசிய மலாயைத் தமிழில் போடுகிறேன்.) கியர் போட்டாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள், கை காட்டினாள். எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கடைசியாக ஒரு சந்திப்பு. நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். சாலை வெறிச்சென்று இருந்தது.

"போங்க, போங்க" என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஜீப் நகரவில்லை. "போங்க, ஒண்ணும் வரல" என்றாள் மறுபடியும், கொஞ்சம் அதட்டலாக. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். இடப்பக்கம் திரும்பினாள். புருஷன் இருக்க வேண்டிய இடத்தில் மீசைக்காரர் இருந்தார்.

"அம்மா," என்றார் அவர், "யாரை ஓட்டச் சொல்கிறீர்கள்?"

பெயில்.

10

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. ஜோசபின் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து போய்விட்டாள். இயேசுதாசன் சிரிக்கவில்லை. அவனும் காலி சீட்டிடம் கேட்டவன்தானே? அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. (நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.) மறுநாள் சாயங்காலம், "வா, பழகுவோம்" என்றான்.

ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் வாயில் அது வந்துவிடும். பழகின தோஷம்.

"போங்க."

கைகளைக் கட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி அவன் கேட்பான்: "யாரு போறது?"

"நான்."

"அப்ப போ."

ஒரு மாதம். சந்திப்பு சந்திப்பாக. சில நாள் கோபத்தில் "நான்தான்யா!" என்று கத்திவிட்டு எடுப்பாள். தெருவில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. எல்லாரும் டெஸ்ட் தேதி கேட்டார்கள்.

11

இரண்டாவது டெஸ்ட். அதே மீசை, அதே சந்திப்பு. இங்கே நான் எழுதுவதை நிறுத்தி, எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன். பயம். என் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்கிறார்கள். உண்மையில் எழுதுகிறவன் நெஞ்சு இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவன் நெஞ்சு மாதிரிதான்.

நின்றாள். வலம் பார்த்தாள். இடம் பார்த்தாள். சாலை வெறிச்சென்று இருந்தது. நாக்கு எழுந்தது.

"நான்தான்!" என்றாள், சத்தமாக. டெஸ்டர் துள்ளிவிட்டார். அதற்குள் கிளட்சை விட்டாள், கை வெளியே போயிற்று, ஜீப் உறுமிக்கொண்டு வலப்பக்கம் திரும்பியது. அப்போதுதான் எதிரே வந்துசேர்ந்த இரண்டு லாரி நின்று வழிவிட்டன. பிலோமினம்மாள் சந்திப்பைத் தாண்டினாள், சாலையைத் தாண்டினாள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் டெஸ்டரையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி ஜொகூருக்கே போயிருப்பாள்.

"கை காட்டுவதை எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டார் அவர், எழுதிக்கொண்டே. "இவ்வளவு தெளிவாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை."

பாஸ்.

12

முடிவு இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

அ. அவள் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வர, ரேஸ் கோர்ஸ் ரோடே கூடி நின்று கைதட்டுகிறது. (வேலை நாள், காலை பதினொரு மணி. யார் இருப்பார்கள்?)

ஆ. வாசலில் காத்திருந்த இயேசுதாசன் அவள் கையைப் பிடித்து, "பிலோமி, இத்தனை நாள் நான்…" (இந்த வாக்கியத்தை முடிக்கிற ஆள் இல்லை அவன்.)

நடந்தது வேறு. அவன் முன்னும் பின்னும் போய்ச் சிவப்பு அட்டைகளை அவிழ்த்தான். இடப்பக்கத்து சீட்டில் ஏறி, அவற்றைக் காலடியில் போட்டான். அவள் வண்டியை எடுத்தாள். வீட்டுக்குத் திரும்புகிற சந்து வந்தது. அவள் திரும்பவில்லை. அவன் ஏன் என்று கேட்பான் என்று பார்த்தாள். கேட்கவில்லை. புக்கிட் தீமா ரோட்டில் கால்வாய் ஓரமாக அரை மைல் போனபிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள்.

இயேசுதாசன் தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு, தலை தார்ப்பாயில் இடிபட இடிபட, நல்ல தூக்கம். அந்த ஜீப்பில் தூங்குவது அரிசி மில்லுக்குள் தூங்குவதற்குச் சமானம். ஓடுகிற வண்டியில் அவன் கண்மூடி அவள் பார்த்ததே இல்லை. பஸ்ஸில்கூட டிரைவரைக் கவனித்துக்கொண்டே வருகிறவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றினாள், சத்தமே இல்லாமல்.

எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் புருஷனே கேட்கவில்லை, நான் கேட்பானேன்? உங்களுக்கு ஓர் ஊர் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கிராஞ்சியோ, பூன் லேயோ, பாலம் தாண்டி எதுவோ. சாலை காலியாக இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது. மெதுவாக எழுதுங்கள். மனுஷன் தூங்குகிறான்.